வெளுத்த ஆலம்

மாப்பிள்ளை வீட்டாரின் கூண்டு வண்டி தெருமுனையில் திரும்பியதும் அஞ்சலாட்சி ஆலத் தட்டை எடுக்கக் குனிந்தாள். குனிந்தவளுக்குக் கை நகரவில்லை.

மாப்பிள்ளைக்கு ஆரத்தி சுற்ற, அரை மணிக்கு முன் அவளே கரைத்து வைத்த ஆலம் அது. மஞ்சளோடு சுண்ணாம்பைக் குழைத்தபோது, செம்பருத்தியைக் கசக்கிப் பிழிந்ததுபோலச் சிவந்து நின்றது. இப்போது தட்டில் இருந்தது வெறும் மஞ்சள் தண்ணீர். இடையில் ஒரு தூறல் போட்டது. கொடியில் கிடந்த துணியை எடுக்க எல்லாரும் கொல்லைப்பக்கம் ஓடிய நேரத்தில், தட்டு மட்டும் வாசற்படியில், ஓட்டு விளிம்பின் சொட்டுக்குக் கீழே இருந்துவிட்டது.

“எடுத்துக்கினு வாடி, வண்டி வந்துடுச்சு!” என்றாள் பின்னால் நின்ற மாமியார் செல்வாம்பாள்.

அஞ்சலாட்சி அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. பாகூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். அன்று அவள் நாத்தனார் வசந்தாவுக்கு நிச்சயதார்த்தம். நோணாங்குப்பத்தில் தென்னந்தோப்பும் ஒரு தோணியும் வைத்திருக்கும் வேம்புவுக்குப் பேசியிருந்தார்கள். பேசி முடித்தது பெரியவர்கள்தான். ஆனால் போன மாதம் வீராம்பட்டினம் தேரில் அவனும் வசந்தாவும் மூன்று முறை பார்த்துக்கொண்டதை அஞ்சலாட்சி கண்டிருந்தாள். “மூணு இல்ல அண்ணி, நாலு” என்று வசந்தாவே திருத்தினாள்.

வண்டியிலிருந்து வேம்புவும் அவன் சித்தப்பாவும் இறங்கினார்கள். வெள்ளைப் புடவை கட்டிய ஓர் அம்மாள் மட்டும் இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். தாயில்லாத வேம்புவை வளர்த்து ஆளாக்கிய அத்தை சின்னப்பாப்பா. இருபது வயதில் தாலி இழந்தவள். நல்ல காரியத்துக்கு எதிரே வரக் கூடாது என்று தானே ஒதுங்கி, வண்டிப் படுதாவை விரலால் விலக்கி எட்டிப் பார்த்தாள். வந்தவர்களில் ஆலத்தை முதலில் பார்த்தது அவள்தான். “ஐயோ” என்று ஒரு சத்தம். படுதா விழுந்தது.

சித்தப்பாவும் அப்போதுதான் தட்டைக் கவனித்தார். “இன்னாம்மா இது? சேப்பு வெளுத்த ஆலத்தயா எங்க புள்ள தலைக்கு மேல சுத்தப் போறீங்க?”

“மழத்தண்ணி விழுந்துடுச்சுங்க. உள்ள வாங்க, ஒரு நிமிசத்துல வேற கரைச்சு எடுத்தாறேன்” என்று செல்வாம்பாள் பதறினாள்.

வண்டிக்குள்ளிருந்து சின்னப்பாப்பாவின் குரல் வந்தது. “வாணாம் வேம்பு. ஏறு. வண்டியத் திருப்பச் சொல்லு.”

வேம்பு ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு ஏறிக்கொண்டான். அத்தை சொல்லைத் தட்டாதவன் என்பதுதான் அவனைப் பற்றி எல்லாரும் சொன்ன முதல் பெருமை.

*

அன்று அந்த வீட்டில் இலை போடவில்லை. வடித்த சோறு வடித்தபடியே இருந்தது.

“தூறல்ல தண்ணி சேந்துருக்கும், அதான்” என்றார் மாமனார் நாராயணசாமி. நெசவு ஆலையில் முப்பது வருஷம் தறி ஓட்டி, காது பாதி மந்தமானவர்.

“தண்ணி சேந்தா சேப்பு எளசாவும். மஞ்சளாவா திரும்பும்? நாப்பது வருசமா ஆலம் கரைக்கிறவ நான்.” செல்வாம்பாள் மருமகள் பக்கம் திரும்பினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “உண்மையச் சொல்லு. நீ தூரமா? தீட்ட மறைச்சிட்டியா?”

“இல்லத்த. சத்தியமா இல்ல.”

“அப்ப கீர ஏன் கருகுது? முல்லக்கொடி ஏன் கருகுது? நீ வரதுக்கு மின்னாடி இதெல்லாம் உண்டா?”

அது உண்மைதான். கொல்லையில் அஞ்சலாட்சி ஆசையாகப் போட்ட கீரைப் பாத்தியில், மழை பெய்த மறுநாளெல்லாம் இலைகளில் பழுப்பு விளிம்போடு பொட்டுப் பொட்டாக ஓட்டை விழுந்தது. பூச்சி இல்லை. சாம்பல் தூவியும் நிற்கவில்லை. பிறந்த வீட்டில் அவள் கை வைத்துப் பட்டுப்போன செடியே கிடையாது. கை ராசிக்காரி என்று பெயர் எடுத்தவள், இங்கே வந்து ஒரு பிடி கீரையைக் காப்பாற்ற முடியாமல் இருந்தாள்.

மூன்று மணிச் சங்கு ஊதி, ஷிப்டு முடிந்து கலியபெருமாள் வந்தான். தங்கை நிச்சயத்துக்கு லீவு கேட்டும் கிடைக்கவில்லை. இரண்டு தெரு மேற்கே இருந்த அந்த ஆலையில் பாய்லருக்கு நிலக்கரி அள்ளிப் போடுவது அவன் வேலை. அம்மா சொன்னதை முழுதும் கேட்டான். மனைவியைப் பார்த்தான்.

“அவ பொய் சொல்ல மாட்டாம்மா” என்றான்.

“பொண்டாட்டின்னா அப்பிடித்தான் இருக்கும். உன் தங்கச்சி பாயில குப்புறப் படுத்திருக்கா, அவளப் போய்ப் பாரு. வர வெள்ளிக்கெழமைக்குள்ள இவள இவங்கம்மா வூட்டுல வுட்டுட்டு வா. வசந்தாவுக்கு வேற எடம் அமையிற வரைக்கும் இருக்கட்டும்.”

கலியபெருமாள் கொல்லைக்கு வந்து மனைவி பக்கத்தில் நின்றான். “அஞ்சலா, நாலு நாளு போயி இருந்துட்டு வரியா? அம்மா கோவம் ஆறிடும்.”

“போனேன்னா நான்தான் செஞ்சேன்னு ஆயிடும்.”

“ஆவாது.”

“ஆவும். உங்களுக்குத் தெரியாது.”

அவனுக்குத் தெரிந்திருந்தது. 

*

மறுநாள் காலை அவள் தகரப் பெட்டியைத் திறந்தாள். எடுத்து வைப்பதற்கு நாலு புடவைதான். அடியில் கிடந்த ஒரு சின்னத் துணி முடிச்சு கையில் பட்டதும் நெஞ்சு கொஞ்சம் இளகியது.

கல்யாணமான புதிதில் அவன் கொண்டுவந்து கொடுத்தது அது. பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஆலைக்கு முன்பு வந்த கரி நின்று, இப்போது வேறு எங்கிருந்தோ ஒரு புதுக் கரி வந்துகொண்டிருந்தது. அதில் அங்கங்கே மஞ்சள் ரேகை ஓடும். வெயிலில் பொன்போல மினுக்கும். கரி அள்ளுகிறவர்கள் அதற்குப் பொன் கரி என்று பெயர் வைத்திருந்தார்கள். அதிலே நல்லதாக ஒரு துண்டு பொறுக்கிவந்து, “தங்கம்தான் வாங்கித்தர முடியல, இதயாவது வெச்சுக்க” என்றான். “மூக்குத்திக்குக் கொஞ்சம் பெருசா இருக்குதே” என்று அவள் சிரித்தாள். ஒரு வெள்ளைத் துணியில் முடிந்து பெட்டிக்கு அடியில் வைத்திருந்தாள்.

இப்போது முடிச்சைத் தூக்கியதும் துணி கையோடு கிழிந்து வந்தது. மழைக் காலத்து ஈரம் பெட்டிக்குள் இறங்கியிருக்க வேண்டும். கரித்துண்டு உதிர்ந்து, மேலே வெண்மஞ்சளாக ஏதோ பூத்திருந்தது. துணி வெந்ததுபோல இற்றிருந்தது. அதையொட்டி மடித்து வைத்த ரவிக்கையிலும் ஓட்டைகள். பழுப்பு விளிம்பு வைத்த பொட்டு ஓட்டைகள்.

அவள் ரவிக்கையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். இதை எங்கே பார்த்தேன்?

கீரையில் பார்த்திருந்தாள். மாமனாரின் வேட்டியில் பார்த்திருந்தாள். கொடியில் காய்ந்த வேட்டியில் விழுந்த ஓட்டைகளை, பீடி நெருப்பு என்று செல்வாம்பாள் தினமும் அவரோடு சண்டை போடுவாள். “பீடிய வுட்டு ஒம்போது வருசம் ஆச்சுடி” என்று அவர் சொல்வதை யாரும் நம்புவதில்லை.

பூத்திருந்த பொடியை விரல் நுனியில் தொட்டு, ஒரு கணம் தயங்கி, நாக்கில் வைத்துத் துப்பினாள். சுரீர் என்று புளித்தது.

புளிப்பு என்றதும் அவளுக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. மஞ்சள் கறை பட்ட துணியில் சவுக்காரம் பட்டால் சிவக்கும். எலுமிச்சை தேய்த்தால் மறுபடி மஞ்சளாகும். துணி துவைக்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் ஆலத் தட்டை யாரும் துவைப்பதில்லை. அதில் எலுமிச்சை பிழிவதுமில்லை. அதனால் அதை யாரும் யோசித்துப் பார்த்ததில்லை.

அடுக்களைக்குப் போய், ஒரு கிண்ணத்தில் ஆலம் கரைத்தாள். மேலே புளித்தண்ணீர் விட்டாள். சிவப்பு ஓடிவிட்டது. நேற்று வாசற்படியில் பார்த்த அதே மஞ்சள்.

சங்கு ஊதி கலியபெருமாள் வந்ததும் எல்லாவற்றையும் அவன் முன்னால் வைத்தாள். உதிர்ந்த கரி, ரவிக்கை, கிண்ணம்.

அவன் உதிர்ந்த கரியை விரலால் கிளறினான். “இந்தக் கரி வந்ததுலேருந்து அடுப்புக்கிட்ட நிக்க முடியல. தீக்குச்சி ஒரசுன நாத்தம். தொண்ட எரியும். பொகைக்கூண்டுக்கிட்ட இருக்குற தகரம்லாம் மூணே மாசத்துல அரிச்சிப்போச்சு. மேஸ்திரி துருன்னாரு.”

“அந்தப் பொக எங்கங்க போவுது?”

“மேல போவுது.”

“மேல போயி?”

அவன் வெளியே எட்டிப் பார்த்தான். ஆவணி மாதத்து மேல்காற்று வீசிக்கொண்டிருந்தது. ஆலைப் புகை அவர்கள் ஓட்டுக்கு மேலாகச் சாய்ந்து கிழக்கே போய்க்கொண்டிருந்தது. இந்தக் காற்றுக் காலம் முழுக்க அப்படித்தான் போகும்.

“நான் அள்ளிப்போட்ட கரிதான் என் தங்கச்சி ஆலத்துல விழுந்துருக்கு” என்றான் கடைசியில்.

*

வியாழக்கிழமை கலியபெருமாள் வேலை முடிந்து வந்ததும் மழை இறங்கியது. அஞ்சலாட்சி மாமியாரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஆலைப் புகையால் மழை புளிப்பதைச் சொன்னாள்.  செல்வாம்பாள் கையாலேயே இரண்டு தட்டில் ஆலம் கரைக்கச் சொன்னாள். ஒரு தட்டில் தெருக்குழாய்த் தண்ணீர் விட்டு உள்ளே மூடிவைத்தாள். இன்னொன்றை ஓட்டுச் சொட்டுக்குக் கீழே வைத்தாள். ஓட்டில் ஒரு வாரத்துக் கரிப்படிவு இருந்தது. முதலில் வழிந்த தண்ணீர் கறுத்து விழுந்தது.

வசந்தா பாயிலிருந்து எழுந்து வந்து நிலைப்படியில் நின்றாள்.

தட்டின் ஓரத்தில் முதலில் மஞ்சள் கோடு ஒன்று தோன்றியது. பிறகு அது நடுவுக்கு நகர்ந்தது. கொஞ்ச நேரத்தில் தட்டு முழுக்க வெளுத்துவிட்டது. உள்ளே இருந்தது சிவப்பாகவே இருந்தது.

“ஏ செல்வா, இப்ப யாரு தூரம்? வானமா?” என்றார் நாராயணசாமி.

“சும்மா கெடங்க.” செல்வாம்பாள் இரண்டு தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். “மழ வருண பகவான் குடுக்குறது. அதுல எப்பிடிடா புளிப்பு வரும்?”

“அவரு நல்லாத்தாம்மா குடுக்குறாரு. நடுவுல எங்க பொகைக்கூண்டு நிக்குதே” என்றான் கலியபெருமாள்.

செல்வாம்பாள் எழுந்தாள். மருமகளிடம் மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. அப்படிக் கேட்டுப் பழக்கமில்லாத வீடு அது. அடுக்களைக்குப் போனவள் திரும்பி வந்து, தலைவாசலில் கட்டி வைத்திருந்த மருமகளின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே வைத்தாள்.

“இத நோணாங்குப்பத்துல யாரு போய்ச் சொல்றது?” என்றாள் வெளியே வந்து.

“நான் போறேன், அத்த.” அஞ்சலாட்சி சொட்டும் தண்ணீரைப் பழைய ஒயின் புட்டியில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

*

மறுநாள் ஷிப்டு முடிந்ததும் சைக்கிளில் கிளம்பினார்கள். புட்டியை மடியில் அணைத்துக்கொண்டு அவள் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

“ஒடைச்சிடாத. கொழந்த மாரி வெச்சிருக்க.”

“நீங்க பள்ளம் பாத்து ஓட்டுங்க மொதல்ல.”

ஆற்றைத் தாண்டியதும் காற்று மாறியது. உப்பும் தென்னம்பாளையும் கலந்த காற்று. அவள் அதை இழுத்து மூச்சு விட்ட பிறகுதான், இந்த ஐந்து மாதமாக மூச்சைக் கொஞ்சம் குறைத்தே விட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது.

சின்னப்பாப்பா முற்றத்தில் மட்டை முடைந்துகொண்டிருந்தாள். எழுந்து, “வாங்க” என்றாள். முகம் கொடுக்கவில்லை. தோணியைக் கட்டிவிட்டு வந்த வேம்பு ஒன்றும் புரியாமல் நின்றான்.

“பெரிம்மா, கொஞ்சம் மஞ்சளும் சுண்ணாம்பும் வேணும்.”

“நான் எடுத்துக் குடுக்கக் கூடாது. வேம்பு, மாடத்துல இருக்குது பாரு.”

வேம்பு எடுத்து வந்தான். அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும், அதில் பருப்பு வேகாது. தென்னை மரங்களில் மட்டை கட்டி வழியவிட்டு, அண்டாவில் பிடித்த மழைத் தண்ணீரில்தான் சமையலும் குடியும். அந்தத் தண்ணீரிலேயே அஞ்சலாட்சி ஆலம் கரைத்தாள். சிவந்து நின்றது. இரண்டு கிண்ணத்தில் பிரித்து ஊற்றினாள்.

“இது உங்க ஊரு மழ.” அண்டாவிலிருந்து ஒரு குவளை மொண்டு ஒன்றில் விட்டாள். சிவப்பு கொஞ்சம் இளசானது, அவ்வளவுதான். “இது எங்க ஊரு மழ.” புட்டியைச் சாய்த்தாள்.

சின்னப்பாப்பா குனிந்து பார்த்தாள். மஞ்சளான கிண்ணத்தைக் கையில் எடுத்தாள். முகர்ந்தாள். 

“அப்ப என்னால இல்லியா?” என்றாள்.

“என்னா பெரிம்மா?”

“வரமாட்டேன்னுதான் சொன்னேன். இவன்தான் நீ வராம நான் போவ மாட்டேன்னான். வண்டியிலயே இருக்கேன்னு வந்தேன். இருந்தும் கண்ணு கேக்கல. பொண்ணப் பாக்கணும்னு படுதாவ வெலக்கினேன். வெலக்கின ஒடனே ஆலம் வெளுத்துக் கெடக்குது.” கிண்ணத்தைக் கீழே வைத்தாள். “என் கண்ணு பட்டுத்தான் வெளுத்துச்சு, எனக்கு வந்தது அந்தப் பொண்ணுக்கும் வந்துடும்னு நெனைச்சேன். அதான் திருப்பச் சொன்னேன். உங்க மேல எனக்கு என்னா கோவம்?”

வேம்பு அத்தை பக்கத்தில் உட்கார்ந்தான். “இத ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீ அதுக்கும் சண்ட போடுவ.”

 ஒரே தட்டை இரண்டு பெண்கள் பார்த்திருக்கிறார்கள். பழி தன் மேல் விழுந்தபோது அஞ்சலாட்சி “இல்லை” என்று சத்தியம் செய்தாள். யாருமே பழி சொல்லாதபோது சின்னப்பாப்பா தானாகவே எடுத்துச் சுமந்திருக்கிறாள்.

“வசந்தா சோறே திங்கறதில்ல, பெரிம்மா.”

“இவன் மட்டும் இன்னா, தோணிய எடுத்துட்டுப் போறான், மீனு இல்லாம வரான். போயி உங்க மாமியாகிட்ட சொல்லு. வர முகூர்த்தத்துல பேசி முடிச்சிக்கலாம். கல்யாணம் இங்கியே, எங்க வாசல்ல.”

கலியபெருமாளுக்கு இப்போதுதான் முகம் மலர்ந்தது. “எந்த மாசம்னு சொன்னா லீவு கேக்க வசதியா இருக்கும்.”

“ஐப்பசி.” சொல்லிவிட்டுச் சின்னப்பாப்பா அண்டாவைப் பார்த்தாள். பிறகு வடக்கே பார்த்தாள். தென்னந்தலைகளுக்கு மேலே தூரத்தில் ஆலையின் புகை ஒரு கோடாகத் தெரிந்தது. “தம்பி, ஐப்பசியில வாடக் காத்து அடிக்குமே. அப்ப உங்க பொக எந்தப் பக்கம் போவும்?”

கலியபெருமாள் பதிலை யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பொய் சொல்வதா வேண்டாமா என்றுதான் யோசித்தான்.

“இந்தப் பக்கம்தான்” என்றான்.

 வேம்பு எழுந்து போய் அண்டாவின் மேல் தட்டை இழுத்து மூடினான்.

“நீங்க குழாத்தண்ணி குடிக்கிறீங்க. எங்களுக்கு இதான். கெட்ட சகுனம்னா கழிப்புக் கழிச்சிடலாம். இதுக்கு என்னா செய்யறது?” என்று கேட்டாள் சின்னப்பாப்பா.

கலியபெருமாள் தன் உள்ளங்கைகளைப் பார்த்தான். எத்தனை சோப்புப் போட்டாலும் ரேகைகளில் கரி போகாத கைகள். அந்த வேலையில்தான் அம்மாவும் அப்பாவும் தங்கையும் சாப்பிடுகிறார்கள். அந்த வேலை செய்கிறவன் என்றுதான் அஞ்சலாட்சியைக் கொடுத்தார்கள். அவன் மனைவியிடம் திரும்பினான்.

“புட்டியில மீதி இருக்குதா?”

“பாதி இருக்குது.”

“கொட்டிடாத. நாளைக்கு ஆலைக்கு எடுத்துக்கினு போறேன். இஞ்சினீருகிட்ட காட்டறேன். பழைய கரிக்கே திரும்பச் சொல்றேன்.”

“கேப்பாங்களா?”

“ஒருத்தன் போயிச் சொன்னா கேக்க மாட்டாங்க. கரி அள்றவங்க பதினாறு பேரும் சேந்து போவோம். அவங்க வூட்டுக் கொடியிலயும் துணி ஓட்டதான். சொல்றதவிடக் கண்ணு எதிருல வெளுக்கறதக் காட்டினா, இல்லன்னு சொல்ல முடியாது பாரு.” கொஞ்சம் நிறுத்தினான். “வேலய வுட்டுத் தூக்கிட்டாங்கன்னா வேம்புக்குத் தோணி தள்ள ஆளு வேணுமான்னு கேட்டுக்க.”

“உன்ன ஏத்துனா தோணி முழுவிடும், மச்சான்” என்றான் வேம்பு. அந்தச் சொல்லை அவன் முதல்முறையாகச் சொல்லியிருந்தான். சொன்னபிறகு அவனுக்கே வெட்கமாகிவிட்டது.

அஞ்சலாட்சி சிரித்தாள். பிறகு, “காட்டணும்னா சுண்ணாம்பு வெத்தல போடறவங்ககிட்ட கெடைக்கும். மஞ்சளுக்கு ஆலையில எங்க போறது?” என்றாள்.

சின்னப்பாப்பா எழுந்தாள். வேம்புவும் எழுந்தான். அவனை இரு என்று கையால் அமர்த்திவிட்டு அவளே மாடத்தருகே போனாள்.  அவள் திரும்பியபோது கையில் இரண்டு விரலி மஞ்சள் இருந்தது. விதவையான நாளிலிருந்து சுமங்கலி ஒருத்திக்கு அவள் மஞ்சள் எடுத்துக் கொடுத்ததில்லை. கையை நீட்டினாள், பாதியில் தயங்கினாள்.

அஞ்சலாட்சி இரண்டடி முன்னால் வந்து முந்தானையை விரித்துப் பிடித்தாள்.